பரத்வாஜ நீங்கலாக

என் கம்ப்யூட்டரில் ரிஷிகளுக்குத் தனி ஃபோல்டர்.
மகாமகக் குளத்துக்கு வடக்கே, மாடிப்படிக்குக் கீழே கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு,
மாடியில் இருக்கும் வரன் பதிவு நிலையத்துக்கு
பயோடேட்டா, பக்கம் நாற்பது ரூபாய்.
ஸ்ரீவத்ஸ என்று அடித்தால் மட்டும்
பழைய ஃபான்ட் கட்டம் கட்டமாக முறைக்கும்.
காசியபரால் தொல்லை இல்லை.

பிரணதார்த்திஹரன் முதலில் வந்தபோது முப்பத்தொன்று.
திருவையாறு. கூட்டுறவு தணிக்கையில் வேலை.
எதிர்பார்ப்பு என்ற இடத்தில்
'வடமர் மட்டும்' என்றார் கூட வந்த அப்பா.
யோசித்து, 'சோழதேச வடமர்' என்று திருத்தினார்.
வடக்கேயிருந்து வந்ததால் அந்தப் பெயர் என்பார்கள்,
அதற்குள் சோழதேசம் எப்படி நுழைந்தது
என்று கேட்க வாய் வந்தது.
நாற்பது ரூபாய்க்கு அவ்வளவு கேட்கக் கூடாது.

மறு ஆடி கழிந்து வந்தார்கள். சோழதேசத்தை எடுத்தேன்.
அதற்கடுத்த வருஷம் பிரகசரணமும் பரவாயில்லை,
மழநாடோ மாங்குடியோ.
பிறகு வாத்திமர்.
பதினெட்டுக் கிராமத்துக்காரர்கள் வெளியே கொடுப்பார்களா
என்று தாமே சந்தேகப்பட்டுக்கொண்டு
அதையும் சேர்க்கச் சொன்னார்.
பிறகு அஷ்டசகஸ்ரம்.
'பேரே எட்டாயிரம், அதுல ஒருத்தி கூடவா?' என்று சிரித்தார்.
அப்பா போன வருஷம், ஐயங்காரும் சம்மதம்.
முப்பத்தெட்டில் தனியாக வந்து, குரலை இறக்கி,
'உட்பிரிவு வரியையே எடுத்துடுங்கோ.'

பேக்ஸ்பேஸில் சில தட்டு, அவ்வளவுதான்.
ஒரு வரி மட்டும் அசையாமல் நின்றது:
பரத்வாஜ நீங்கலாக.

நான் சிரிக்க முடியாது.
பிறந்த வீட்டில் காடவராயர், புகுந்த வீட்டில் ஓந்திரியர்.
ஒரே பட்டத்துக்குள் பெண் எடுத்தால்
எங்கள் பக்கமும் சோறு இறங்காது.
ஆனால் கும்பேசுவரர் கோயிலில் கோத்திரம் கேட்டபோது விழித்தேன்.
குருக்கள் காத்திருக்கவில்லை,
'சிவகோத்திரம்' என்று தாமே போட்டுக்கொண்டு
தட்டோடு உள்ளே போனார்.
இலவசமாகக் கிடைத்தது. இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆறு கிளை பிரிகிற கதையை இங்கே சொல்ல மாட்டேன்.
அது என் வீட்டுக்காரர் பிழைப்பு:
அரசலாற்றில் ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கர்,
முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவர்.

ஐப்பசி மழையில் மங்களாம்பிகை வந்தாள்.
நன்னிலம் பக்கம். முப்பத்தைந்து.
குடையை வெளியே விட்டுவிட்டு, நனைந்த கையைப்
புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.
'மறுமணம்'கிறதைத் தடியா போடுங்க,
அப்புறம் தெரிஞ்சுதுன்னு யாரும் சொல்லக் கூடாது.'
கோத்திரம் என்ற கட்டத்தில் நின்றுவிட்டாள்.

பிறந்தது பரத்வாஜம்.
தாரை வார்த்த அன்று கௌசிகம்.
'நகையைத் திருப்பிக் குடுக்கணும்னு ஜட்ஜ் எழுதினார்.
கோத்திரத்தைப் பத்தி ஆர்டர்ல ஒண்ணும் இல்ல.'
அப்பா பழையதையே போடு என்கிறாராம்.
மாறினது மாறினதுதான் என்கிறாராம் வாத்தியார்.
மழை ஓயும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
'காலியா விடுங்க.'

இரவு கடை சாத்தும்போது
இரண்டு கோப்பும் அடுத்தடுத்துத் திறந்திருந்தன.
இவள் பிறந்தபடியே இருந்தால் அவருக்குத் தங்கை.
கட்டியது நிலைத்திருந்தால் வேறொருவன் மனைவி.
முறிந்ததால் மட்டும்,
அதுவும் வாத்தியார் சொன்னது சரியென்றால் மட்டும்,
முறைப்பெண்.
திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன்.
ஒவ்வொரு தடவையும்
அவள் பட்டதெல்லாம் தகுதி என்றே வந்தது.
சொல்லவே நாக்கூசுகிற விடை.

காலையில் மாடிக்குத் தாள்கள் போயின.
ஆண் கட்டு வேறு, பெண் கட்டு வேறு, எனக்குத் தெரியும்.
அவர் தாளுக்கு அடியில் அவள் தாளை வைத்தேன்,
கோத்திரக் கட்டம் வெள்ளையாகத் தெரிகிற மாதிரி
ஒரு விரல்கடை இறக்கி.

ஸ்டேப்ளர் கையருகேதான் இருந்தது.
அடிக்கவில்லை.